நிவாரணத்துக்கு ஒரு பட்டு ஜிப்பா

மாமனார் வீட்டில் இரண்டு நாள் தங்கினால் மாப்பிள்ளை. இரண்டு மாதம் தங்கினால் மேசை நாற்காலியோடு நாமும் ஒரு சாமான். கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சிகாமட்டில் மாமனார் வீட்டில் மாட்டிக்கொண்டு நான் அந்த நிலையை அடைந்திருந்தேன். ஜோகூர் பாருவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை எனக்கு. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. (இன்றைக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்.)

வீட்டுக்குப் பின்னால் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் வெள்ளரித் தோட்டம். லாரி வரவில்லை, பசார் மூடிக் கிடந்தது, காய்கள் கொடியிலேயே பழுத்து அழுகின. அடுத்த நடவுக்கு விதையும் உரமும் வாங்க வழியில்லை. அப்போதுதான் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தருவதாகச் செய்தி வந்தது. ஆன்லைனில் விண்ணப்பித்து, விவசாயி தோட்டத்தில் நிற்கும் படம் ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

"கவலப்படாதீங்க மாமா, நான் பாத்துக்கிறேன்," என்றேன். இரண்டு மாதம் சும்மா சாப்பிட்ட சோறு பேச வைத்தது.

மாமா கிழிந்த பனியனும் ரப்பர் பூட்ஸுமாக வந்து நின்றார். எனக்குப் பகீரென்றது.

"என்ன மாமா, கவர்மெண்டுக்குப் போற படம். இப்படியா நிப்பீங்க?"

"தோட்டத்துல வேற எப்படி நிக்கிறது மாப்பிள்ள?"

பாஸ்போர்ட் படத்துக்கே பவுடர் போடுகிற பரம்பரை நாங்கள். தீபாவளிக்கு எடுத்த பட்டு ஜிப்பா வெளியே வந்தது. என் கல்யாணச் சங்கிலியைக் கழற்றி மாமா கழுத்தில் போட்டேன். அத்தை தன் பங்குக்கு விபூதி பூசி, "லேசா சிரிங்களேன்," என்றார். அழுகிய காய்கள் கண்ணை உறுத்தின. எல்லாவற்றையும் வாரிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழியில் தள்ளினேன். கொடி மொட்டையாகத் தெரியவே, டவுன் சூப்பர்மார்க்கெட்டில் பளபளவென்று பத்து வெள்ளரிக்காய் வாங்கிவந்து நூலால் கட்டித் தொங்கவிட்டேன். படம் கல்யாண ஆல்பத்துக்குப் போகிற அழகில் வந்தது. அனுப்பிவிட்டு அன்று மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் ஒரு மலாய் அதிகாரியம்மா முகக்கவசமும் கோப்புமாக நேரில் வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார். பனியனோடு நின்ற மாமாவைப் பார்த்தார்.

"பாச்சிக், காய் இவ்வளவு நல்லா இருக்கு. கழுத்துல சங்கிலி வேற. உங்களுக்கு எதுக்கு நிவாரணம்?" என்று மாமாவைப் 'பெரியவரே' என்கிற மரியாதையோடு மலாயில் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வை என் எதிரிக்கும் வேண்டாம்.) அதற்குள் அதிகாரி கொடியருகே போய் ஒரு காயைத் தொட்டார். நூலோடு கையில் வந்தது. திருப்பினால், சூப்பர்மார்க்கெட் ஸ்டிக்கர்.

"அலமாக்!" என்று ஐயோ போடுகிற தொனியில் அதிர்ந்தார்.

மாமாவின் அடுத்த நடவில் நானே மண்ணள்ளிப் போட்டுவிட்டேன். நிஜமாகவே அழுகை வந்தது. "குழியில இருக்கு புவான், எல்லாம் குழியில இருக்கு!" என்று அதிகாரியம்மாவைப் பார்த்து எனக்குத் தெரிந்த மலாயில் கத்திக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். காட்டுகிற அவசரத்தில் கால் வழுக்கி நானே உள்ளே விழுந்தேன். இடுப்பளவு அழுகல். பின்னாலேயே வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி விலகி நின்றார். பிறகு போனை எடுத்தார்.

"இதுதான் சரியான படம். பாச்சிக், நீங்களும் பக்கத்துல நில்லுங்க."

கரையில் பனியனோடு மாமா, குழிக்குள் நான். அந்தப் படத்துக்குத்தான் நிவாரணம் கிடைத்தது. விதை வந்தது, வெள்ளரி மறுபடியும் காய்த்தது. என் மனைவி மட்டும் மூன்று நாள் எனக்குச் சாப்பாட்டை வாசலில் வைத்தாள்.

பட்டு ஜிப்பா படத்தை மாமா வீணாக்கவில்லை. பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும், "யார் கல்யாணத்துல எடுத்தது?" என்று கேட்பார்கள்.

"கல்யாணம் இல்லலா. கஷ்டமா இருக்கு, உதவி பண்ணுங்கன்னு கவர்மெண்டுக்கு அனுப்புனது," என்பார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"மாப்பிள்ள, அந்த இன்னொரு படத்தையும் காட்டுங்க."

நானும் போனை எடுத்து, அதிகாரியம்மாவிடம் கேட்டு வாங்கிய குழிப் படத்தைக் காட்டுவேன். அதற்கென்றே அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.