சீனி முகம்மது பகலுறக்கத்தை வென்ற படலம்

வாழ்க சீனி முகம்மது! உச்சிப்புளிச் சாலையின் ஒப்பற்ற சிங்கமே, சவூதியின் தம்மாம் நெடுஞ்சாலையில் பதினோராண்டுகள் பெருலாரி செலுத்திய செங்கை வேந்தே, ஊர் திரும்பிய நான்கே திங்களில் நான்கு அங்குலம் வளர்ந்த திருவயிற்றுப் பெருந்தகையே, நின் வெற்றியைப் பாட இவ்வெளியேனின் நாவுக்கு வலிமை உண்டாகட்டும்!

மீண்டும் தம்மாம் செல்ல விசா வந்திருந்தது. ஆயின் விசாவுக்கும் வீரனுக்கும் நடுவே மெடிக்கல் என்னும் கோட்டைவாயில் குறுக்கிட்டது. முதல் முறை பிரஷர் நூற்றறுபது என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை மதுரையில் இறுதி வாய்ப்பு. தவறினால் விசா வேறொருவனுக்குப் போகும், மகள் தஸ்னீமின் கல்லூரிக் கனவும் அதோடு போகும். மருத்துவர் இட்ட கட்டளைகள் இரண்டே: பகலில் உறங்காதே, மதியத்துக்குப் பின் தேநீர் தொடாதே; இரவில் எட்டு மணி நேரம் உறங்கினால் பிரஷர் தானே இறங்கும். பதினோராண்டுகள் உறங்கவிடாமல் ஓட்டச் சொன்னவர்கள்தாம் இப்போது நன்றாக உறங்கியவனை அனுப்பு என்கிறார்கள். இந்த நியாயத்தை யாரும் கேட்கவில்லை.

"இன்ஷா அல்லாஹ், இன்னைக்குப் பகல்ல இந்த உடம்பு பாயில சாயாது!" என்று வீரன் முழங்கினான். அவன் மனைவி, சொம்பு தாங்கிய சூஃபியா, மறுமுழக்கம் செய்தாள்: "கண்ணு சொக்குச்சு, தண்ணி தலையிலதான் மச்சான். பெறகு கோவிக்கக் கூடாது."

ஊருக்குப் போகிறவனாயிற்றே என்று நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆக்கிப் போட்டவளும் அவளே. மூன்றாம் கவளத்திலேயே பகைவன் படைதிரட்டிவிட்டான். மணி இரண்டரை, மின்விசிறி முரசறைய, கடற்காற்று முன்னணியில் வர, கொட்டாவிகள் அணியணியாய்ப் பாய, பகலுறக்கம் என்னும் மாபெரும் மன்னன் வீட்டை முற்றுகையிட்டான். வலக்கண் வீழ்ந்தது. இடக்கண் தனித்து நின்று பொருது, தானும் தள்ளாடியது. சொம்பு கவிழ்ந்தது! சொட்டச் சொட்ட எழுந்த வீரன் கைலியை மடித்துக் கட்டி, சாலையோரத்து மதார் டீக்கடை என்னும் ஆயுதசாலைக்கு ஓடினான்.

முதல் டீ இறங்கியது. பகைவன் பத்தடி பின்வாங்கினான். மூன்றரைக்கு மீண்டும் வந்தான்; இரண்டாம் டீ அவனைச் சாலைக்கு அப்பால் துரத்தியது. நான்கரைக்கு ஸ்ட்ராங் டீ, ஐந்துக்கு அதனினும் ஸ்ட்ராங் டீ. மருத்துவரின் இரண்டாம் கட்டளை என்னவாயிற்று என்று கேட்பீர். ஒரு சமயத்தில் ஒரு பகைவனோடு பொருவதே வீரர்க்கு அழகு. இரண்டு கட்டளைகளை ஒருசேர நினைவில் வைப்பது குமாஸ்தாக்களின் வேலை.

"ஏழாவது டீ பாய்! நம்ம கடையில இம்புட்டு யாரும் குடிச்சதில்ல!" என்று மதார் பறைசாற்றியபோது மஃரிப் பாங்கு ஒலித்தது. பகல் முடிந்தது. பகலுறக்கம் முறியடிக்கப்பட்டது!

"ஒரு பொட்டு கண்ண மூடலியே, மாஷா அல்லாஹ்!" என்று சூஃபியா கண் கலங்கினாள். பாவம், இனிப் பிரஷர் தானே இறங்கிவிடும் என்று அவள் மனமார நம்பினாள். ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கணைத்து, தஸ்னீமைச் சத்தம் போடாதே என்று அதட்டி, வாகை சூடிய வீரன் வெற்றிக்கனியைச் சுவைக்கப் பள்ளிகொண்டான்.

வந்ததா உறக்கம்? பகலெல்லாம் அடித்து விரட்டப்பட்ட அந்த மானமுள்ள மன்னன் இரவில் கெஞ்சி அழைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. வீரன் வலப்புறம் புரண்டான், இடப்புறம் புரண்டான், ஓட்டிலிருந்த பல்லியைப் பார்த்தான். ஏழு டீயும் நெஞ்சுக்குள் முரசு கொட்ட, பகலுறக்கம் வென்ற பெருமான் இரவுறக்கமும் வென்று, விடியற்காலை மதுரைப் பஸ்ஸில் செங்கண் ஞாயிறெனச் சிவந்த விழிகளோடு ஏறினான்.

"ராத்திரி தூங்கலியா பாய்?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் நூற்றெழுபது என்று எழுதினார்.