உடன் வருபவர் கரையேறிய கதை

சின்னக் கப்பலில் சொகுசுப் பயணம் போகப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான். மனைவியை ஏமாற்றும் எண்ணம் இருந்தால் பெரிய கப்பலாகப் பார்த்துப் போங்கள். அதில் மூவாயிரம் பேர் இருப்பார்களாம். பன்னிரண்டு மாடியாம். ஒரு மனிதன் நாலு நாள் நிம்மதியாகத் தலைமறைவாக இருக்கலாம். எங்கள் கப்பலில் பயணிகள் மொத்தம் நாற்பது பேர். முதல் நாள் நான் ஒரு தும்மல் போட்டேன். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குள் பதினேழு பேர் நலம் விசாரித்துவிட்டார்கள்.

இந்தப் பயணம் என் சாமர்த்தியத்தில் வந்ததில்லை. என் மனைவி விளையாட்டு டீச்சர். முப்பது வருஷம் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்றாள். அவளிடம் ஓடி ஓடி வளர்ந்த பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த பரிசு இது. டிக்கெட்டில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘உடன் வருபவர்: ஒருவர்’ என்று போட்டிருந்தது. அந்த ஒருவர்தான் நான்.

நான் நூலகர். அவள் முப்பது வருஷம் ஓடினாள். நான் முப்பது வருஷம் உட்கார்ந்தேன். குடும்பம் ஒரு மாதிரி சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் வினை. காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்க அவளுக்கு மாணவிகள் இல்லை. நான் இருந்தேன்.

என்னிடம் ஒரு துப்பறியும் நாவல் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தில் பணக்காரக் கிழவர் ஒருவர் கொலையாகிறார். யார் செய்தது என்று தெரியாமல் நான் இரண்டு வருஷமாக நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சமையல்காரன் மேல்தான் சந்தேகம். ஆனால் சாய்ந்து உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தால் போதும், நான் சும்மா இருக்கிறேன் என்று அவளுக்கு எந்த அறையிலிருந்தாலும் தெரிந்துவிடும்.

பெட்டி கட்டும்போதே ஆரம்பித்தாள்.

“ஏங்க, துணிக்கு நடுவுல இது என்ன செங்கல்?”

“புத்தகம்.”

“கப்பல்ல படிக்க நேரம் ஏது? தினம் ஒரு தீவு. தீவுக்கு ஒரு மலை. நோட்டீஸைப் படிக்கலையா நீங்க?”

“சாய்வு நாற்காலியும் உண்டுன்னு அதே நோட்டீஸ்லதான் போட்டிருக்கு.”

“அது முடியாதவங்களுக்கு.”

முடியாதவன் என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் அவள் விடமாட்டேன் என்கிறாள். அன்றைக்கே சபதம் எடுத்தேன். இந்த ஏழு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் உட்காருவேன். கொலைகாரனைப் பிடிப்பேன்.

இரண்டாவது யோசனை. எடுத்து வைத்த துணியில் பாதியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அறை அழகாக இருக்கும், மெத்தை அமுங்கும், குளியலறையில் நாலு விதமான துண்டு இருக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சட்டை மாட்ட முடியாது. மூன்றாவது, கேப்டன் உங்களோடுதான் சாப்பிடுவார். கப்பலை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். அவள் மேஜைக்கடியில் மிதித்தாள்.

முதல் மூன்று நாளில் மூன்று தீவு, மூன்று மலை. வேக நடை, நிதான நடை என்று இரண்டு குழு. என் பெயரை அவள் எதில் எழுதிக் கொடுத்திருந்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மலையிலிருந்து இறங்கும்போது என் முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்தது.

அன்று மாலைதான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். மேல்தளத்தில், உயிர்காப்புப் படகு ஒன்றுக்குப் பின்னால், ஒரு கித்தான் நாற்காலி. மேலே நிழல். முன்னால் கடல். படிக்கட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. முப்பது வருஷம் நூலகத்தில் நாற்காலி போட்டவன் சொல்கிறேன், படிப்பதற்கு அப்படி ஒரு மூலையை நான் பார்த்ததே இல்லை.

இனி திட்டம். அதற்கு முன் கப்பல் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீவுக்கு ரப்பர் படகில் கூட்டிப் போவார்கள். படகு கணுக்கால் தண்ணீரில் நிற்கும். இறங்கி நடக்க வேண்டும். அதற்காக ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தருவார்கள். கீழ்த்தளத்துக் கதவோரம் எண் போட்ட கொக்கியில் அது தொங்கும். பக்கத்திலேயே ஒரு பலகை. அதில் நாற்பது டோக்கன். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. கப்பலில் இருந்தால் வெள்ளை. கரைக்குப் போகும்போது அவரவர் டோக்கனை அவரவர் சிவப்பாகத் திருப்ப வேண்டும். வந்ததும் வெள்ளையாக்க வேண்டும். நாற்பதும் வெள்ளையானால்தான் கப்பல் நகரும். என் எண் முப்பத்தொன்று.

அவளை முதல் படகில் வேகக் குழுவோடு அனுப்பிவிட வேண்டியது. “முழங்கால் சரியில்லை, இரண்டாவது படகில் நிதானக் குழுவோடு வருகிறேன்” என்று சொல்ல வேண்டியது. டோக்கனைச் சிவப்பாக்கிவிட்டு மேலே ஏறிவிட வேண்டியது. ஊருக்கு நான் கரையில். எனக்கு நான் நாற்காலியில். சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி வெள்ளையாக்கிவிட்டால் முடிந்தது.

இவ்வளவு அருமையான திட்டத்தை மனசுக்குள்ளேயே வைத்திருக்க முடியுமா? பக்கத்து அறைப் பல் டாக்டரிடம் மட்டும் சொன்னேன்.

“பிரமாதம் சார். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்” என்றார்.

காலமெல்லாம் பிறர் வாயைத் திறக்க வைத்தே சம்பாதித்தவர். அவர் தன் வாயை மூடி வைத்திருப்பார் என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

நாலாம் நாள் காலை. கடல் கொஞ்சம் முறைப்பாக இருந்தது. தூரத்தில் ஒரு பாறைத் தீவு.

“முழங்கால் சரியில்லம்மா. நான் ரெண்டாவது படகுல வரேன்” என்றேன், முடிந்த அளவு முகத்தைச் சுருக்கி.

சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவளோ, “அப்படியே செய்யுங்க. பாவம், மூணு நாளா ஏறியிருக்கீங்க” என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பாவம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“கடல் ஆடுது. வாந்தி மாத்திரை போட்டுக்குங்க.”

“ஒண்ணு போதுமே.”

“ரெண்டா போட்டுக்குங்க. உங்க உடம்புக்கு ஒண்ணு எந்த மூலைக்கு?”

போட்டுக்கொண்டேன். அவள் பூட்ஸை மாட்டி, தொப்பியைச் சரிசெய்து, முதல் படகில் ஏறினாள். மாணவிகள் பரிசாகக் கொடுத்த விசில் கழுத்தில் ஆடியது. நான் கையசைத்தேன். நெரிசலில் முப்பத்தொன்றைச் சிவப்பாகத் திருப்பினேன். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாற்காலியில் சாய்ந்தேன். நிழல். காற்று. நூற்று எண்பத்தேழாம் பக்கம். சமையல்காரன் சமையலறைக் கதவைச் சாத்துகிறான். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவன் கையில் ஏதோ ஒன்று...

கண் விழித்தபோது வெயில் மேற்கே இருந்தது. புத்தகம் மூக்கின் மேல் இருந்தது. பக்கம் நூற்று எண்பத்தெட்டு.

நாலாவது யோசனையை இங்கே சொல்லிவிடுகிறேன். வாந்தி மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். இரண்டு போட்டால் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

அடித்துப் பிடித்துக் கீழே ஓடினேன். பலகையில் நாற்பதும் வெள்ளை. என்னுடையதும் வெள்ளை! நான்தான் அவசரத்தில் திருப்ப மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு முப்பத்தொன்பது வாயும் ஒரே நேரத்தில் சிரித்தது. நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன்.

இரவுச் சாப்பாடு. கேப்டன் மேஜையில் எங்களுக்கு இடம் போட்டிருந்தது. சூப் வந்தது. அவள் சாவகாசமாகக் கேட்டாள்:

“தீவு எப்படிங்க இருந்தது? நிதானக் குழுவை நான் பார்க்கவே இல்லையே.”

“அருமை” என்றேன்.

“உச்சி வரைக்கும் போனீங்களா?”

பல் டாக்டர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பல் வலி என்று நினைத்தேன்.

“போகாம? முன்னூறு படி. எண்ணிக்கிட்டே ஏறினேன்.”

“மேலே என்ன இருந்தது?” என்றார் கேப்டன், கரண்டியை வைத்துவிட்டு.

“ஒரு கலங்கரை விளக்கம். பழசு. வெள்ளையடிச்சது. பக்கத்துல ஆட்டு மந்தை. ஒரு ஆடு என் தொப்பியைத் தின்னப் பார்த்தது.”

“அப்புறம்?” என்றது பக்கத்து மேஜை.

இவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை. நூலகத்தில் பேசினாலே தப்பு; வீட்டில் பேச இடமே இல்லை. எனக்குக் குஷி வந்துவிட்டது. ஆட்டை விரட்டினேன். ஆட்டிடமிருந்து ஒரு சிறுமியைக் காப்பாற்றினேன். அவள் அப்பா, விளக்கைக் காவல் காப்பவர், கண்ணில் நீர் மல்க என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் நானே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

முடித்தேன். என் மனைவி குனிந்து, மேஜைக்கடியிலிருந்து எதையோ எடுத்து என் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். எண் முப்பத்தொன்று. நேற்றைய மண் ஒட்டிக் காய்ந்து இருந்தது.

“இதை விட்டுட்டு வெறுங்காலோடவா மலை ஏறினீங்க?”

டோக்கனைத் திருப்பியவன் பூட்ஸை மறந்திருந்தேன். அதையாவது சமாளித்திருப்பேன்.

“ஈரமாகிடுமேன்னு...” என்று ஆரம்பித்தேன்.

“அந்தத் தீவுல இன்னைக்கு யாருமே இறங்கல சார்” என்றார் கேப்டன். “அலை அதிகம். முதல் படகு பாதி வழியிலேயே திரும்பிடுச்சு. ரெண்டாவது படகு கிளம்பவே இல்ல. ஒன்பது மணியிலிருந்து எல்லாரும் கப்பல்லதான் இருக்கோம். பலகையைப் பார்த்தா, யாருமே போகாத தீவுல ஒருத்தர் மட்டும் இருக்கார்! எனக்கு உயிரே போயிடுச்சு. உங்க வீட்டம்மாதான் கொக்கியில தொங்கின பூட்ஸைக் காட்டி, டோக்கனைத் திருப்பி வச்சாங்க.”

“பல் டாக்டர் சம்சாரம் நேத்தே சொல்லிட்டாங்க” என்றாள் அவள். “தூங்கட்டும், எழுப்பாதீங்கன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் வரிசையா வந்து பார்த்துட்டுப் போனாங்க. சத்தம் போடாம.”

வரிசையில் நிறுத்துவதில் அவளுக்கு இணை கிடையாது.

கூடம் வெடித்தது. சிரித்துச் சிரித்து நிதானக் குழுவில் ஒரு பெரியவருக்கு விக்கலே வந்துவிட்டது. நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சூப்பைக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: “கேப்டன் சார், நாளைக்குக் கடல் அடங்கிடும்னீங்களே. இவருக்குத்தான் வழி தெரியும். வேகக் குழுவை இவரே கூட்டிட்டுப் போகட்டும்.”

நாற்பது பேர் கை தட்டினார்கள். என் இரண்டு கையையும் கழித்தால் முப்பத்தொன்பது பேர்.

அறைக்குத் திரும்பியதும் கோபமாகத்தான் கேட்டேன். “ஏன் இப்படி மானத்தை வாங்கினே?”

அவள் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “உட்காரணும்னு சொல்லியிருந்தா நானும் உட்கார்ந்திருப்பேன்ல? முப்பது வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். நீங்க ஒரு நாளாவது ‘நீ உட்காரு, நான் போறேன்’னு சொன்னதுண்டா?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், சொன்னதில்லை. அவளுக்கும் கால் வலிக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. “நாளைக்கு நீ உட்காரு, நான் போறேன்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் உடனே விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். அந்த வேகம்தான் கொஞ்சம் இடித்தது.

மறுநாள் கடல் தட்டு மாதிரி கிடந்தது. நான் பூட்ஸ் மாட்டினேன். டோக்கனைத் திருப்பினேன். பத்தொன்பது பேருக்கு முன்னால் மலை ஏறினேன். படி கிடையாது, வெறும் பாறை. உச்சியில் விளக்கும் இல்லை, வீடும் இல்லை. பறவை எச்சம் இருந்தது. வழி நெடுக, “சார், ஆடு எங்கே?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பாதி ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். கீழே கப்பல் கையகலத்துக்குத் தெரிந்தது. மேல்தளத்தில், உயிர்காப்புப் படகுக்குப் பின்னால், என் நாற்காலியில் ஒரு உருவம் கால் நீட்டிச் சாய்ந்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போனால் போகிறது, புத்தகம் எங்கே போய்விடும், நாளைக்குப் படித்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஏறினேன்.

சாயங்காலம் தவழாத குறையாக மேல்தளத்துக்கு வந்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது. மடியில் என் நாவல்.

“வாங்க, உட்காருங்க” என்று எழுந்து இடம் விட்டாள். கடைசியில் அந்த நாற்காலி என்னுடையது. சாய்ந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

“எதுக்குங்க இதைப் போய் ரெண்டு வருஷமா படிக்கிறீங்க? எல்லாத்தையும் கடைசிப் பக்கத்துலேயே எழுதியிருக்காங்க. சமையல்காரன் பாவம், ஒண்ணும் பண்ணல. கொன்னது அந்தக் குடும்ப வக்கீல்தான்.”