வால்யூமுக்கு ஒரு தடை

அவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். ஊரார் பிழையெல்லாம் பளிச்சென்று கண்ணில் படும்; மனைவியிடம் ஒரு குறை சொல்ல மட்டும் நாக்கு எழாது. அவள் பல் ஆஸ்பத்திரி நர்ஸ். பகலெல்லாம் பல்லைக் குடையும் சத்தத்தில் இருந்துவிட்டு, சாயங்காலம் எலெக்ட்ரிக் கிடாரை எடுத்துக்கொள்வாள். அடுத்த அறையில் அவர் திருத்த வேண்டிய பக்கங்களில் எழுத்துகள் எழுந்து நின்று ஆடும்.

ஒருநாள் கிடாரே அவருக்கு வழிவிட்டது. வால்யூம் குமிழைத் தொட்டால் கரகரவென்றது.

"ஏங்க, கடைக்குக் கொண்டு போகணும். சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுல வாசிக்கிறேன்."

"கடை எதுக்கு? நான் இல்லையா? சின்ன வயசுல ரேடியோவையே பிரிச்சவன்."

"திரும்பச் சேர்த்தீங்களா?"

அது காதில் விழாததுபோல் அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனார்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. மூடியைக் கழற்றினார். தேய்ந்த வால்யூம் கண்ட்ரோலை எடுத்துப் புதியதை வைத்தார். டோன் கண்ட்ரோலுக்குப் புது கெபாசிட்டர் பற்றவைத்தார். கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வால்யூம் கண்ட்ரோலின் காலோடு ரெசிஸ்டர் என்கிற ஒரு மின்தடையையும் சேர்த்துப் பற்றவைத்தார். இனி எவ்வளவு திருகினாலும் சத்தம் முனகலைத் தாண்டாது. குடித்தனம் தொடங்கிய நாளாய் மனைவிக்கு அவர் போட்ட முதல் தடை அதுதான். வால்யூமின் வாலை நறுக்கியாயிற்று!

வாசித்துப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபையரில் இதற்குமேல் திருக இடமில்லை.

"என்னங்க, கொசு அழற மாதிரி இருக்கு?"

"புதுசு இல்லையா? பழகப் பழகத் திறக்கும்."

"புதுச் செருப்பு மாதிரியா?"

"அதேதான்."

"சரிங்க" என்றாள். சண்டையில்லை, விசாரணையில்லை. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் ஆம்ப்ளிஃபையர் அவர் மேஜைக்கடியில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவள், மடியில் கிடார்.

"அங்கிருந்து வாசிச்சா உங்களுக்குக் கேக்காதே, பாவம்."

மெல்ல வாசித்தாள். ஒரே வரியை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தப்பாக. பெரிய சத்தமென்றால் மொத்தமாகத் திட்டிவிடலாம். இந்த முனகலைக் காது விடாமல் துரத்திக்கொண்டு போனது. 'பல்லி மாணவர்கள் பரீட்சை எழுதினார்கள்' என்ற வரியை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

"ஏம்மா, உள்ளே போய் வாசியேன்."

"எதுக்குங்க? இந்தச் சத்தத்தோட மேடையேற முடியாது. விழாவுக்கு வரலைன்னு சொல்லிடறேன். இனிமே தினமும் உங்களுக்கு மட்டும்தான்."

"தினமுமா!" பேனா கீழே விழுந்தது. "மூடியைக் கழட்டு. உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதை எடுத்துட்டா பழைய சத்தம் வந்துடும்."

"அது எப்படிங்க உள்ளே போச்சு?"

அவர் குனிந்து பேனாவைத் தேடினார். கிடைத்த பிறகும் தேடினார்.

"அதைக் காலையிலேயே பிடுங்கிட்டேங்க. நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் குமிழைக் குறைச்சு வச்சு வாசிச்சேன்" என்று சொல்லி, அவர் மேஜைக்கடியிலிருந்து தலையை எடுப்பதற்குள் வால்யூமைக் கடைசிவரை திருப்பினாள்.