'நானும் இந்த வீட்டு ஆள்தான்' என்கிற விருந்தாளி

விருந்தாளிகளில் பல இனம் உண்டு. கியூபாவில் இருக்கும் எங்கள் திரினிதாத் ஊருக்கு வருகிறவர்களில், வந்த நிமிடத்திலிருந்து ரம் குடிப்பவர் உண்டு. கடற்கரையில் கிடந்து இரண்டு பக்கமும் வறுபட்டுத் திரும்புபவர் உண்டு. குளியலறையில் முடி அடைக்கும் அளவுக்குக் குளிப்பவர் உண்டு. இவர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். வாடகை கொடுத்தோம், தங்கினோம் என்று இருப்பார்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறொரு இனம். வாசலில் பெட்டியை இறக்கி வைக்கும்போதே, மூச்சு வாங்க, "தயவு செஞ்சு என்னை விருந்தாளியா நினைக்காதீங்க, வீட்டு ஆளா நினைச்சுக்குங்க" என்று சொல்லும் இனம்.

வீட்டு ஆளை இந்த ஓதிலியா எப்படி நடத்துவாள் என்று என் கணவர் எவேலியோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

கியூபாவில் எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு அறை வாடகைக்கு விடுகிறது. எவேலியோ பல் டாக்டர். ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கி ஒரு மாதம் சம்பாதிப்பதை, என் பின்கட்டு அறையிலிருக்கும் கட்டில் இரண்டு நாளில் சம்பாதித்துவிடும். ஆகவே கட்டிலுக்கு மரியாதை அதிகம். அதில் படுக்க வருகிறவரை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன இனம் என்று சொல்லிவிடுவேன்.

இந்த இனம் முதலில் சுவரைத் தடவும். காரை உதிர்ந்து, அடியில் பழைய நீலமும் அதற்கடியில் அதைவிடப் பழைய மஞ்சளும் தெரிகிற இடமாகப் பார்த்துத் தடவும். தடவிவிட்டுக் கண்ணை மூடும். மூடித் திறந்து, "இதுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிடாதீங்க" என்று கெஞ்சும். பெயின்ட் கிடைக்காமல்தான் அது அப்படி இருக்கிறது என்பது அதன் புத்திக்கு எட்டாது. கொடியில் காயும் என் பாவாடையைப் படம் பிடிக்கும். அடுப்படிக்குள் நுழைந்து பானை மூடியைத் திறந்து பார்க்கும். கரண்ட் போனால் முதல் நாள், "ஆஹா, எங்க ஊர்ல இப்படி ஒரு அமைதி உண்டா!" என்னும். இரண்டாம் நாள், "எப்ப வரும்?" என்னும். மூன்றாம் நாள் விசிறியை மட்டும் முறைத்துப் பார்க்கும்.

"நீங்க என்ன சாப்பிடுறீங்களோ அதுவே எனக்கும் போதும்" என்பது அதன் வேதவாக்கு. போடுவேன். சோறு, கறுப்பு பீன்ஸ், ஒரு முட்டை. மறுநாளும் சோறு, கறுப்பு பீன்ஸ், முட்டை இல்லை. அதற்கடுத்த நாள், "பக்கத்து வீட்டுல சிங்க இறால் வாசனை வருதே?" என்று மெதுவாக ஆரம்பிக்கும். "அது விருந்தாளிங்களுக்குச் சமைக்கிறதுங்க" என்பேன். எனக்கும் ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா?

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த ஒருவரைச் சென்ற மே மாதம் கண்டேன். பெயர் லியாந்த்ரோ அர்ரிபாஸ். ஸ்பெயினில் வல்லதோலித் ஊர்க்காரர். கல்லூரியில் கலை வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மொழியும் ஒன்று என்பதால் அவர் பேசியது முழுக்கப் புரிந்து தொலைத்தது. வந்த அரை மணி நேரத்தில் என்னை "ஓதிலியா அக்கா" என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். எங்கள் மகள் யமில்கா "சார்" என்று கூப்பிட்டதும் பதறிப் போய், "சாரா? மாமான்னு கூப்பிடு, மகளே!" என்றார்.

கூட அவர் மனைவி பெகோன்யா. அந்த அம்மாவுக்கு எங்கள் ஊரில் எதுவுமே பிடிக்கவில்லை. நீச்சல் குளம் வைத்த ஓட்டலுக்குப் போக ஆசைப்பட்டு வந்தவள். ஓட்டலில் தங்கினால் ஊர் மக்களின் உண்மையான வாழ்க்கை தெரியாது என்று கணவர்தான் இங்கே இழுத்து வந்திருந்தார். தலையணை கல்லு மாதிரி இருக்கிறது என்றாள். சேவலை எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று கேட்டாள். தண்ணீர் லாரி வராத அன்று வாளியைப் பார்த்த பார்வையில் வாளியே வெட்கப்பட்டது. எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை.

ஒரு நாள் எவேலியோ இவர்களைக் கரும்பாலைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே ஸ்பெயின் ஆட்சியில், அடிமைகளை வேலை வாங்கிய தோட்ட முதலாளி கட்டிய உயரமான கோபுரம் ஒன்று இருக்கிறது. லியாந்த்ரோ அதன் அடியில் நின்று கையை விரித்து, "என்ன ஒரு நளினம்! எங்க முன்னோருக்கு அழகுமேல என்ன காதல் பாருங்க!" என்று உருகினார்.

"ஆமாங்க" என்றார் எவேலியோ. "மேல ஏறிப் பார்த்தா, எவன் குனிஞ்சு கரும்பு வெட்டுறான், எவன் நிமிர்ந்து நிக்கிறான்னு அழகாத் தெரியும். எங்க முன்னோருக்கு மேல ஏற நேரம் கிடைக்கல."

நம் ஆள் கூனிக் குறுகினாரா? அதுதான் இல்லை! எவேலியோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நம்ம வலி" என்றார். நம்ம! கோபுரம் அவர் முன்னோருடையது. வலியிலும் பாதி அவருக்கு.

யமில்காவின் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் படிப்பு குழாய்த் தண்ணீர் பற்றியது. நகரத்துக்குத் தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது, எப்படிச் சுத்தம் செய்வது என்று. எங்கள் வீட்டுக் குழாயைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆசை வந்ததில் அதிசயம் என்ன? மேல்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். இது லியாந்த்ரோ காதில் விழுந்ததும், முன்னறை ஆடுநாற்காலியில் அவளை உட்கார வைத்து உபதேசம் தொடங்கிவிட்டார்.

"போகாதே மகளே. அங்க என்ன இருக்கு? பக்கத்து வீட்டுக்காரன் பேர் தெரியாது. கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். மனுஷன் மனுஷனைப் பார்க்கிறதே இல்ல. நீங்க இங்க எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க!"

"மாமா, நான் காலையில ரொட்டிக்கு வரிசையில நின்னப்போ உங்க கண்ணுக்குச் சந்தோஷமாவா தெரிஞ்சேன்?"

"அந்த வரிசையில எத்தனை பேர் உன்கூடப் பேசினாங்க! எங்க ஊர் சூப்பர் மார்க்கெட்ல ஒருத்தன் பேசுவானா?"

"ரொட்டி தீர்ந்துபோச்சான்னுதான் மாமா பேசினாங்க."

எந்தெந்த ஊருக்கு எழுதிப் போட்டிருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை யமில்காவுக்குப் பதில் வந்தது. உதவித்தொகையோடு இடம். எந்த ஊரில்? வல்லதோலித்தில்! அவள் கத்திய கத்தலில் எதிர் வீட்டுப் பெண் தீப்பிடித்துவிட்டதோ என்று வாளியோடு ஓடி வந்தாள். எவேலியோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. போகப்போகிறாளே. ஒரே ஒரு சிக்கல். மாணவர் விடுதி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பு தொடங்குகிறது. தங்கப்போகும் வீட்டு விலாசத்தைக் காட்டினால்தான் விசாவும் கிடைக்கும். அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது. ஒரே ஒரு மாமாவைத் தவிர.

"நானே கேக்குறேன்மா" என்றாள் யமில்கா. "மாமான்னு கூப்பிடச் சொன்னவர்தானே."

மறுநாள் ஞாயிறு. மகளுக்காக முற்றத்தில் பன்றி வாட்டினோம். லியாந்த்ரோவுக்கு விஷயம் இன்னும் தெரியாது. பன்றி தனக்காக என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது கோப்பை உள்ளே போனதும் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நான் எத்தனையோ நாடு போயிருக்கேன். ஆனா இந்த முற்றத்துலதான் எனக்கு ஒரு குடும்பம் கிடைச்சுது. ஓதிலியா அக்கா, எவேலியோ, மகளே, இதைக் கேளுங்க. இன்னிலேருந்து வல்லதோலித்ல இருக்கிற என் வீடு, உங்க வீடு!"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தோம். யமில்கா குதித்து எழுந்தாள்.

"மாமா! எனக்கு வல்லதோலித்லதான் சீட் கிடைச்சிருக்கு! விடுதி திறக்கிற வரைக்கும் ஒரே ஒரு வாரம் உங்க வீட்டுல தங்கிக்கட்டுமா? உங்க விலாசத்தைக் குடுத்துக்கட்டுமா?"

பன்றித் தோல் நெருப்பில் வெடித்தது.

லியாந்த்ரோ உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைத் தடவினார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தவற்றைக் கேட்டிருக்க வேண்டுமே! அருமையான செய்தி, ஆனால் செப்டம்பரில் எங்கே இருப்போம் என்று தெரியாது. ஊரில் இருந்தாலும் வீட்டில் மிச்சமிருக்கும் சின்ன அறை முழுக்கப் புத்தகம். புத்தகத்தை நகர்த்தினாலும் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் ஒரு மாதிரி. அவர்களைச் சமாளித்தாலும் விலாசம் கொடுப்பது என்றால் சட்டப்படி பொறுப்பு, கையெழுத்து, போலீஸ் என்று ஏகப்பட்ட தலைவலி. வேறு யாராவது என்றால் பரவாயில்லை, யமில்கா மகள் மாதிரி, மகளை அந்த இடுக்கில் படுக்க வைக்க மனசு வருமா?

"ஒண்ணு செய்யலாம் மகளே" என்று முகம் மலர்ந்தார். "எங்க தெருமுனையில ஒரு ஓட்டல் இருக்கு. அவ்வளவு சுத்தம்!"

எவேலியோ கத்தியால் கறியை மெதுவாக நறுக்கிக்கொண்டே கேட்டார். "ஓட்டல்ல தங்கினா உங்க ஊர் மக்களோட உண்மையான வாழ்க்கை தெரியுமாங்க?"

யமில்கா தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். இன்னும் யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை. அவள் காது சிவந்திருந்ததைப் பார்த்தேன். கறி வெட்டும் கத்தி எவேலியோ கையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் கையில் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அப்போதுதான் பெகோன்யா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன புத்தகம்? அந்த ரூம்ல உன் உடற்பயிற்சி சைக்கிள்தானே நிக்குது. அதுலயும் என் துணிதான் காயுது." கணவனைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு யமில்காவிடம் திரும்பினாள். "ஏம்மா, என்னிக்கு வர்ற? கையெழுத்து நான் போடுறேன். வீடு என் பேர்லதான் இருக்கு."

"பெகோன்யா, நாம யோசிச்சு..." என்றார் லியாந்த்ரோ.

"நீ சாப்பிடு."

இத்தனை நாளில் அந்த அம்மா எங்கள் வீட்டைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போதுகூட என் கையைப் பிடித்து, "அந்தத் தலையணையை மாத்துங்க" என்றுதான் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

லியாந்த்ரோ ஊர் போய்ச் சேர்ந்ததும் எங்கள் வீட்டைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார். 'இங்கே எனக்கு ஓர் அக்கா கிடைத்தாள், ஒரு மகள் கிடைத்தாள், வாழ்க்கையின் அர்த்தம் கிடைத்தது. குழாயில் தண்ணீர் மட்டும் சரியாக வரவில்லை.' ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சொந்த அக்காவுக்கு நான்கு!

செப்டம்பரில் யமில்கா போனாள். ரயில் நிலையத்துக்கு பெகோன்யாதான் வந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாளாம்: "இந்தா சாவி. இது உன் துண்டு. பாத்ரூம்ல முடி கிடந்தா எனக்குப் பிடிக்காது. என் டீக்கோப்பையைத் தொடாதே. பசிச்சா கேளு." மகள் போனில் இதைச் சொல்லிவிட்டு, "அம்மா, எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா" என்றாள். விடுதி திறந்த பிறகும் பெகோன்யா அவளை விடவில்லை. துணி இப்போது வேறெங்கோ காய்கிறதாம்.

லியாந்த்ரோ? அவர் பரம சந்தோஷத்தில் இருக்கிறார். நண்பர்களை விருந்துக்கு அழைத்து, "இவ எங்க கியூபா மக. நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன்" என்று காட்டுகிறார். சொல்லச் சொல்ல அவரே அதை நம்பிவிட்டார். பெகோன்யா மறுப்பதில்லை, அவளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை இருக்கிறது.

இதுவரை எழுதியதை, ஊர், ஆள் பெயர் எல்லாவற்றையும் மாற்றி மகளுக்கு அனுப்பினேன். குறும்புக்காரி, அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதை லியாந்த்ரோவுக்கே உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். மனிதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அச்சு அசலா இப்படி ஒருத்தனை எனக்குத் தெரியும்! எங்க கல்லூரியிலதான் வேலை பார்த்தான்!" என்றாராம்.

நீங்களும் இவ்வளவு நேரம் யாரையோ மனதில் வைத்துக்கொண்டுதானே சிரித்தீர்கள்?