பேர் வெட்டிய குண்டான்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வது கொஞ்சம் அசிங்கம்தான். ஆனால் சொல்லாவிட்டால் கதை நகராது. கோழிக் கிறுக்கல் கையெழுத்துக்காரர்கள் எத்தனையோ பேர் நல்ல வேலைக்குப் போய், ஓய்வும் பெற்று, நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அடுத்த வீட்டுப் பரிசத்தன்று எரிகிற அடுப்பை அணைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு மட்டும்தான்.

கண்ணமங்கலத்தில் நான் படித்த பள்ளியில் ஆண்டு விழா வந்தால் கரும்பலகையில் ‘நல்வரவு’ எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுத்துக்குக் கீழே ஒரு பூங்கொடி, இரண்டு ஓரத்திலும் மயில். (மயிலை யாரும் கேட்டதில்லை. நானே போட்டுவிடுவேன்.) இந்தக் கையை வைத்துக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி ஜவ்வாது மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். கணவர் அங்கே ஆரம்பப் பள்ளி வாத்தியார். கலசப்பாக்கத்துக்கு இறங்க நாளுக்கு ஒரே ஒரு பஸ், அதுவும் அதற்கு மனசு இருந்தால்.

இரண்டு பேருக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மிச்ச நேரத்தில் தலையணை உறைகளில் பூத்தையல் போட்டேன். உறைகள் தீர்ந்ததும் துண்டுகளில் போட்டேன். துண்டுகளும் தீர்ந்ததும் கணவரின் கைக்குட்டைகளில் ரோஜாப்பூ வந்தது. அவர் பள்ளியில் மூக்குச் சிந்துவதையே நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு காதுகுத்து. மலையில் விசேஷம் என்றால் எல்லா வீட்டுப் பாத்திரங்களும் அந்த வீட்டுக்குப் போகும். திரும்பி வரும்போதுதான் வம்பு. “இது எங்க சொம்பு, விளிம்புல நசுங்கியிருக்கும் பாரு,” என்று ஒருத்தி சொல்ல, “எங்களுதும்தான் நசுங்கியிருக்கும்,” என்று இன்னொருத்தி நிற்பாள். நான் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு மட்டும் அன்று மாலையே நேராக என் வீட்டுக்கு வந்தது. சீர்ப் பாத்திரம் அது. கடையிலேயே மெஷினில் ‘கமலா’ என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா.

“இதுல இருக்கிறது உன் பேராம்மா? பள்ளிக்கூடத்துப் பசங்க படிச்சிச் சொன்னாங்க. இத நீயே எழுதுவியா?” என்று கேட்டார்.

எழுத முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சொல்லவில்லை. “இதென்ன பெரிய விஷயம் அக்கா!” என்றது.

மறுநாளே கணவரின் பெட்டியிலிருந்து ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்துப் பித்தளைச் சொம்பு ஒன்றில் முயன்று பார்த்தேன். அம்மிக்கல்லில் சொம்பைச் சாய்த்து வைத்து, ஆணியை நிறுத்தி, ஒரு தட்டு, ஒரு புள்ளி. அருமையாக வந்தது. ஒரு வாரத்தில் ஊரில் பாதிச் சொம்புகள் என் வாசலுக்கு வந்துவிட்டன. கூலியாகப் பலாப்பழமும் தேனும் சாமையும் வந்தன. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று வேளையும் பலாப்பழம் தின்றோம்.

“கமலா, இதோட போதும். நெறைய புகழ் வந்தா கண்ணு தெரியாது,” என்றார் கணவர். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பூங்காவனம் அக்கா தன் குண்டானோடு வந்தார். நல்ல பெரிய அலுமினியக் குண்டான். அந்த வருடத்துப் புளியை விற்று, கலசப்பாக்கம் சந்தையில் வாங்கி, மலை முழுக்கத் தலையில் சுமந்து ஏற்றியது. மகள் செல்விக்கு அடுத்த வாரம் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வருகிறார்கள். சாமைச் சோறு அந்தக் குண்டானில்தான்.

“செல்வி பேரு போடட்டுமா அக்கா?” என்றேன்.

அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டார். “என் பேரு போடும்மா. எனக்குன்னு நான் வாங்குன மொத சாமான் இது. படிக்கத் தெரியாது, ஆனா என் பேரு எப்படி இருக்கும்னு பாக்கணும்.”

இதைக் கேட்டவள் பேசாமல் விளிம்பில் சின்னதாக எழுதிக் கொடுத்திருக்கலாம். கடைக்காரர்கள் விளிம்பில்தான் எழுதுவார்கள். எனக்கோ, அக்காவின் பேர் தெருக்கோடியிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்று தோன்றிவிட்டது. குண்டானின் வயிற்றில், ஒரு சாண் உயரத்துக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். கீழே பூங்கொடி, ஓரத்தில் மயில்கள். அம்மிக்கல்லில் வைத்தால் புதுக் குண்டான் நசுங்குமோ என்று பயந்து, உள்ளே பழந்துணியைத் திணித்து, மெத்தென்று ஒரு சாக்கின்மேல் வைத்தேன். பித்தளைக்குத் தட்டிய அதே தட்டு. இரண்டு நாள் தட்டினேன்.

பித்தளை கனம், அலுமினியம் மெலிசு என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அந்த ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவரின் மனைவிக்குத் தெரியவில்லை. துணியை எடுத்ததும் உள்பக்கம் கையில் சுருக் சுருக்கென்று குத்தியது. வேலை ஆழமாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா எழுத்துகள்மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். “இவ்ளோ நீளமா என் பேரு?” என்றார். கண் கலங்கியிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம்: நல்ல காரியத்துக்கு வாங்கிய புதுப் பாத்திரத்தில் அந்த நாளுக்கு முன்னால் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. முதல் தண்ணீரே உலைத் தண்ணீராக இருக்க வேண்டும். குண்டானைத் துணியால் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மூலையில் கவிழ்த்துவைத்துவிட்டார்கள்.

பரிசத்தன்று காலை. மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் உட்கார்ந்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா முன்னால் வெற்றிலைத் தட்டு. அது கை மாறினால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. உலையை ஏற்றிவிட்டுத் தட்டு மாற்றுவது முறை. எதிரே வாசலில் மூன்று கல் அடுப்பு கொழுந்துவிட்டு எரிய, குண்டான் அதன்மேல், என் எழுத்து சபையைப் பார்த்தபடி. (நான்தான் திருப்பி வைத்தேன்.) நான் முன்வரிசையில், பட்டுப் புடவையில், யாராவது கையெழுத்தைப் பற்றிக் கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

பூங்காவனம் அக்கா முதல் குடத்தை ஊற்றினார். ஒன்றுமில்லை. இரண்டாவது குடம் ஊற்றியதும் பூங்கொடி வியர்த்தது. மூன்றாவது குடத்துக்கு எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பீய்ச்ச ஆரம்பித்தன. புள்ளிக்கு ஒரு தாரை. அக்கா பேரில் எத்தனை எழுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளி நான் தாராளமாகக் குத்தியிருந்தேனோ, அத்தனை தாரை. கடைசியாக மயில்கள் கண் வழியாகக் கொட்டின. அடுப்பு உஸ்ஸென்று அணைந்து, புகை பந்தலுக்குள் புகுந்தது.

நான் ஓடிப் போய்க் குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு கையால் இரண்டு எழுத்தைத்தான் மறைக்க முடிந்தது. மற்ற எழுத்துகள் என் பட்டுப் புடவையை நனைத்தன. “அக்கா, குளிக்கிற சோப்பு இருக்குது, கொண்டாரட்டுமா? வச்சி அடைச்சிடலாம்,” என்று கிசுகிசுத்தேன். முப்பது பேருக்குச் சோப்புச் சோறு போடுகிற யோசனையைக் கேட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்துவந்தார். “இன்னாடி இது? புதுக் குண்டான் அழுவுது? நல்ல காரியத்துல அடுப்பு வேற அணைஞ்சி போச்சே!”

மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டை ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். கதவோரம் நின்ற செல்வியும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. என் மயிலுக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது. அந்தக் கணம் யாராவது ஒரு மொட்டைக் கத்தி கொடுத்திருந்தால்கூட என் விரல்களை வெட்டிப் போட்டிருப்பேன்.

பூங்காவனம் அக்கா குடத்தைக் கீழே வைத்தார். நிதானமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அழுவுதா? நல்லாப் பாருங்க பெரிம்மா. பொங்குது! எல்லார் வூட்டுலயும் மேல மட்டுந்தான் பொங்கும். எம்பொண்ணுக்குச் சுத்திவரப் பொங்குது.”

“உலையே காயல, அதுக்குள்ள எப்படிப் பொங்கும்?”

“மலைத் தண்ணிங்க. அதுக்கு அவசரம்.”

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, “போதும் அண்ணி, வந்து உக்காருங்க. இந்தப் பேச்சு பேசுறவங்க வூட்டுலதான் பொண்ணு எடுக்கணும்,” என்று தட்டைப் பழைய இடத்தையும் தாண்டி முன்னால் தள்ளி வைத்தார். பந்தலே சிரித்தது. நான் குண்டானைக் கட்டிப்பிடித்தபடியே அழுதேன்.

“எழுதுனது போதும், எழுந்து வா,” என்றார் அக்கா என்னிடம். தண்ணீரைக் கொட்டி, கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உள்பக்கம் முழுக்க அப்பச் சொன்னார். நான் அப்பினேன். இளந்தீயில் காயவைத்து, மறுபடி உலை ஏற்றியபோது அங்கங்கே கசிந்தது. சாமைக் கஞ்சி கொதித்ததும் அதுவும் அடைத்துக்கொண்டது. தட்டு மாறியது. சோறு பரிமாறும்போது பெரியம்மா மட்டும் முகர்ந்து பார்த்து, “சாமையில இன்னா கேவுரு வாசம்?” என்றார். ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

குண்டானைக் கீழே கொண்டுபோய் ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்று மறுநாள் கெஞ்சினேன். “ஒட்டுப் போட்டா என் பேரு மறைஞ்சி பூடும்,” என்று அக்கா மறுத்துவிட்டார். “நீ ஒண்ணு பண்ணு. அடியிலயும் ஒரு கொடி போட்டுக் குடு.” போட்டுக் கொடுத்தேன். சாமை களைந்து தண்ணீர் வடிக்க அதைவிட நல்ல பாத்திரம் அந்த மலையில் கிடையாது என்று இன்றைக்கும் சொல்கிறார். அதற்குப் பிறகு நான் ஆணியைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும் சரி, பக்கெட் ஒழுகினாலும் சரி, என் கணவர் குனிந்து பார்த்து, “கமலா, இதுல யார் பேரு எழுதியிருக்க?” என்பார். பிள்ளைகளும் அதையே கற்றுக்கொண்டார்கள்.

போன வருடம் செல்வியின் மகளுக்குப் பரிசம். மலைக்குப் போயிருந்தோம். பளபளவென்று புதுக் குண்டான் வந்தது. அடுப்பில் வைக்கும் முன் இரண்டு பெண்கள் அதை வெயிலுக்கு நேரே தலைக்குமேல் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு இன்னொரு குண்டான், அதற்கும் அதே மாதிரி. இதென்ன என்று பக்கத்திலிருந்த சின்னப் பெண்ணிடம் கேட்டேன்.

“சூரிய பகவானுக்குக் காட்டுறாங்க. எங்க ஊர்ல ரொம்ப நாளா இதாங்க வழக்கம். காட்டாம உலை வச்சா ஆவாது.”

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்காவனம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் முந்தானை. நான் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.