'உள்ளேயே இருக்கு' ஆசாமி

'உள்ளேயே இருக்கு' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் எதை நீட்டினாலும் "இது எதுக்குத் தனியா? உள்ளேயே இருக்கே" என்பார். வீட்டில் ஓர் அறையை 'லேப்' என்பார்; மற்றவர்கள் அதைக் குப்பை ரூம் என்பார்கள். இவரைப் பற்றி இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. தவறினால் கண்ணில் அழுத்தம் ஏறும், அப்புறம் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"போன்ல அலாரம் வச்சா போதுங்க" என்றாள் மனைவி.

போனிலா? பதினெட்டு வருஷம் சிப்புகளோடு குப்பை கொட்டியவன் வீட்டிலா? மருந்து நேரத்துக்குக் கத்தும் பெட்டி ஒன்று செய்ய நான் லேபுக்குள் புகுந்தேன். நகத்தளவு வயர்லெஸ் சிப் ஒன்று. அதற்குள் இல்லாதது கிடையாது. ரேடியோ, தெர்மாமீட்டர், பேட்டரியை அளக்கும் பகுதி, தகவலைப் பூட்டி வைக்கும் பகுதி என்று ஒரு கூட்டுக்குடும்பமே இருந்தது. இருப்பதைச் சும்மா விடலாமா? அத்தனையையும் வேலை வாங்கினேன். அப்பாவின் மருந்து நேரம் எதிரிகள் கையில் சிக்காதபடி பூட்டப்பட்டது. அறையின் சூடு திரையில் பெரிய எழுத்தில் மின்னியது. ரேடியோ, பெட்டியைப் போட்டவுடன் என் போனிடம் ஒருமுறை மணி கேட்டுக்கொள்ளும்; பிறகு பேட்டரி வீணாகாமல் தூங்கிவிடும்.

அதன்பின் நேரத்தை எண்ண, கடிகாரமும் உள்ளேயே இருந்தது. துல்லியம் வேண்டுமென்றால் வெளியே அரிசி மணி அளவில் ஒரு கிரிஸ்டல் வையுங்கள் என்று சொல்லி, சிப்பைச் செய்த புண்ணியவான்கள் அதற்கென்றே சிப்பில் இரண்டு கம்பிக் கால்களை ஒதுக்கியிருந்தார்கள். நான் கேட்பேனா? "உள்ளேயே இருக்கே" என்று கிரிஸ்டலை ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டு கால்களிலும் ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு வைத்தேன். மாறி மாறிச் சிமிட்டின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பெட்டி சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் குடியேறியது. நான்காம் நாள் மனைவி வந்தாள்.

"ஏங்க, மாமா வாட்ச்ல எட்டே முக்கால். பெட்டி எட்டு மணின்னு இப்பத்தான் கத்துது."

நான் பதறவில்லை. பெட்டியை லேபுக்குத் தூக்கிப்போய், ஏசியைப் போட்டு, அணைத்து மறுபடி ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தேன். நொடி பிசகவில்லை. ஆகவே தப்பு எங்கே? மனைவி தன் போனைக் காட்ட வருவதற்குள் அப்பாவின் மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றிவிட்டேன்.

"அது நல்லாத்தாண்டா ஓடுது."

"பழசாயிடுச்சுப்பா. உங்களுக்குத் தெரியல."

தெருமுனைக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு வந்து தூங்கினேன்.

பத்தாம் நாள் டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு. ஒரு வேளைகூடத் தவறல போல." என் காலர் தானாகவே தூக்கிக்கொண்டது. பெட்டியின் புராணத்தைத் தொடங்கி, ரேடியோ வரைக்கும் வந்திருப்பேன். அப்பாவின் சட்டைப் பையில் ஏதோ மணி அடித்தது.

"என்னப்பா அது?"

"மருந்து நேரம்டா. மருமக முதல் நாளே பழைய போன்ல அலாரம் வச்சுக் குடுத்துட்டா."

"அப்ப பெட்டி?"

"அது கத்தினா நீ ரூம்லேருந்து எட்டிப் பாப்பியே. அதுக்காக ஒருதரம் எழுந்து உக்காந்துட்டுப் படுத்துக்குவேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பா என்னை நம்பியிருந்தால் டாக்டர் இன்றைக்கு வேறு பேச்சு பேசியிருப்பார். சிப்புக்குள் இருக்கும் கடிகாரம் குளிரில் ஒரு மாதிரி, சூட்டில் ஒரு மாதிரி ஓடும் என்பது எனக்குத் தெரியாததா? ஏசியில் ஒழுங்குப்பிள்ளையாக இருந்தது. அடுப்புச் சூட்டில் சோம்பிப்போனது. அந்தச் சூடு எவ்வளவு என்று அதே சிப் பத்து நாளாகத் திரையில் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

வரும் வழியில் வாட்ச் கடையில் நின்றோம்.

"இதுல ரிப்பேரே இல்ல சார்" என்றார் கடைக்காரர். பின்மூடியைத் திறந்து, அரிசி மணி போல ஒன்றை இடுக்கி முனையால் தொட்டுக் காட்டினார். "எல்லாம் இந்தக் கிரிஸ்டலோட புண்ணியம். இத எடுத்துட்டா கண்ட நேரம்தான் காட்டும்."

அப்பா கையை நீட்டினார். நான் வாட்சைக் கட்டிவிட்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கிளம்பும்போது கடைக்காரருடைய இழுப்பறையைப் பார்த்தேன். இருபது வாட்ச் இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"அத்தனையும் இதே கேஸ்தான் சார். வீட்டுல ஒருத்தர் கழட்டிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிடறாங்க. வாங்க வர்றதில்ல."

ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி ஒட்டியிருந்தார். மேலே கிடந்ததில் உங்கள் தெருப் பெயர் போலத் தெரிந்தது. சட்டென்று போய் வாங்கிவிடுங்கள்.