கோகோக் கொசுவைக் குடி கிளப்பிய கதை

வடகரப்பதியில் ஒரு சித்திரை மாதக் காலையில் ஆறுச்சாமி மீசையைத் தொட்டு ஒரு சபதம் போட்டார். மீசை நாலு முடிதான். சபதம் பெரிது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கருப்புசாமியின் சிவப்புக் கோகோ மரத்தில் இந்த வருசம் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கக் கூடாது.

சும்மா வந்த ஆத்திரமில்லை. கார்த்திகையில் விவசாய இலாகாவின் கிருஷி ஆபீசர் வந்து, ஊரிலேயே உசத்தியான கோகோ எதுவென்று பார்த்து, கன்று எடுக்க ஏற்ற ‘தாய்மரம்’ என்று பலகை அடிக்கப் போகிறார். பலகையில் சொந்தக்காரர் பேரும் இருக்கும். ஆறுச்சாமியின் தென்னந்தோப்பு நிழலில் கோகோ மரங்கள் அறுபது. ஆனால் அத்தனையும் சாதா ரகம். பச்சைக் காய், பழுத்தால் மஞ்சள், முலாம்பழம் மாதிரி வழவழப்பு. தோல் செருப்புத் தடிமன். கொட்டையை வெட்டினால் கத்திரிக்காய் நிறம். கடித்தால் மூன்று நாளைக்கு நாக்கு சொன்ன பேச்சுக் கேட்காது.

கருப்புசாமியிடம் இருப்பது ஒரே மரம். குங்குமச் சிவப்பில் நீளநீளமாகக் காய், நுனியில் கிளிமூக்கு வளைவு, முதலை முதுகு போலச் சொரசொரப்பு, மேலிருந்து கீழே பத்து வரிப் பள்ளம். கொட்டை உள்ளே பச்சரிசி வெள்ளை. கசப்பே கிடையாது.

மச்சினன் இடுக்கியிலிருந்து கொண்டுவந்த கன்று என்று கருப்புசாமி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆதியில் கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காக் காட்டில் முளைத்ததாம், ராஜாக்கள் மட்டும் அரைத்துக் குடித்ததாம். ஒருநாள் வேலியோரம் நின்று ஆறுச்சாமியின் வயிற்றில் கொள்ளியையே வைத்துவிட்டார்.

“எம்மரத்துப் பேரு கிரியோல்லோங்க. ஸ்பெயின்காரன் பேச்சுல உள்ளூர்க்காரன்னு அர்த்தமாமா. உங்குளுது ஃபொராஸ்டெரோ. அப்படீன்னா வெளியூர்க்காரன்.”

நாலு தலைமுறையாக இதே மண்ணில் கிடப்பவர் ஆறுச்சாமி. கருப்புசாமி பொள்ளாச்சியிலிருந்து வந்து பதினோரு வருசம். யார் வெளியூர்க்காரன்? அன்றைக்கு ராகிக் களி அவருக்கு இறங்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. கருப்புசாமி, ஆறுச்சாமியின் சம்சாரம் நாச்சாத்தாவுக்கு முறைப்பையன். பேச்சுவரைக்கும் வந்து நின்றுபோன மாப்பிள்ளை. அவளோ தினமும் வேலியோரம் நின்று, “எங்க மச்சான் மரம் என்ன செவப்புங்க” என்பாள். கல்யாணப் பந்தலில்கூட அவள் ஆறுச்சாமியை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்கும் அதில் ஒரு ஒட்டுக்கன்று வேண்டும் என்று ஒருதரம் கேட்டாள். அவன் மரத்துக் குச்சிகூட என் தோப்புக்குள் வரக்கூடாது என்று ஆறுச்சாமி குதித்த குதியில் மூன்று தேங்காய் உதிர்ந்தது. அவளும் அப்புறம் கேட்கவில்லை.

சபதம் போட்ட அன்று சாயங்காலம், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே அவளாகத்தான் பேச்செடுத்தாள்.

“ஏனுங்க, கோகோ பூவுல காய் எப்படிப் பிடிக்குதுன்னு தெரியுமுங்களா?”

“தேனீ வந்து பிடிக்கும்.”

“தேனீ எட்டிக்கூடப் பாக்காதாமா. கடுகுல கால்வாசி இருக்கிற ஒரு கொசுதான் பூவுக்குப் பூ தூள் தூக்குதாமா. கிருஷி ஆபீசர் கிளாஸ்ல சொன்னாங்க. அந்தக் கொசு குப்பையிலதான் பொறக்கும். அழுகுன வாழைத்தண்டு, மக்குன தழை, கோகோக் காயோட தொண்டுத் தோலு.”

“கருப்புசாமி தோப்புதான் கண்ணாடியாட்ட இருக்குதே. குப்பை ஏது?”

“அதானுங்க. ஊருலயே பெரிய குப்பை நம்ம தோப்புலதானுங்க இருக்குது.”

ஆறுச்சாமிக்குத் தலையில் இடி இறங்கிய மாதிரி இருந்தது. என் குப்பையில் பிறந்து, என் ஈரத்தில் வளர்ந்து, அவன் மரத்துக்கா வேலைக்குப் போகிறது? மறுநாள் விடிவதற்குள் சீமாறும் கூடையுமாகத் தோப்பில் இறங்கிவிட்டார். பிறந்ததிலிருந்து தண்ணிச் சொம்புகூடத் தானாக எடுத்தறியாத மனுசன். பதினெட்டு நாள் கூட்டினார், அள்ளினார், சுமந்தார். அதற்கப்புறமும் ஒரு தழை விழுந்தால் தரையைத் தொடுமுன் பிடித்தார். தோப்பில் பந்தி போட்டு இலையில்லாமலே சோறு போடலாம், அவ்வளவு சுத்தம்.

குப்பையைக் கொளுத்தத்தான் பார்த்தார். புகைக்குப் பசு பால் தராது என்று நாச்சாத்தா தடுத்தாள். மாடு கட்டும் கட்டுத்தாரை வாசலில் கூடையை வைத்தால் போதும், பின்னாடி கொண்டுபோய்க் கொட்டுவது தன் வேலை என்றாள். என்ன அடக்கமான பெண்டாட்டி என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கட்டுத்தாரைக்குப் பின்னால் அவர் போய் வருசம் ஏழெட்டு ஆகிறது. சாணி வாசம் ஆகாது.

சபதம் பலித்தது. கருப்புசாமி மரத்தில் பூ பூவாகப் பூத்துப் பூ பூவாகவே கொட்டியது. ஆறுச்சாமி வேலியோரம் நின்று சிரித்த சிரிப்பு கொழிஞ்சாம்பாறை வரை கேட்டது. தன் அறுபது மரமும் அதே மாதிரி மொட்டையாக நிற்பதை அவர் கவனித்தபோது ஆவணி பிறந்திருந்தது. வந்து உட்காரக் கொசு வேண்டுமே. போகட்டும், பலகை அவனுக்கும் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

கார்த்திகையில் கிருஷி ஆபீசர் வந்தார். கருப்புசாமி மரத்தை ஏறிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆறுச்சாமியின் அறுபதையும் பார்த்துவிட்டு, தோப்பைக் கூட்டிய மகானுபாவன் யார் என்று கேட்டார். அப்போது நாச்சாத்தா முந்தானையைச் சொருகிக்கொண்டு, “பின்னாடி ஒண்ணு இருக்குதுங்க சார், வாங்கோ” என்றாள்.

ஆறுச்சாமியும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனார்.

கட்டுத்தாரைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கோகோ மரம். சுற்றிலும் அவர் சுமந்த குப்பை, ஈரம் சொட்டச் சொட்ட. அடித்தண்டிலிருந்து கிளைவரை, பட்டையை ஒட்டி, கிளிமூக்கும் முதலை முதுகுமாகச் சிவப்புக் காய்கள். எண்ணியவரைக்கும் நாற்பத்து மூன்று. தோப்பை விட்டு ஓடிய கொசு அத்தனையும் இங்கேதான் குடியேறியிருந்தது. ஆபீசர் பலகையில் ‘நாச்சாத்தா’ என்று எழுதச் சொன்னார்.

“இது எப்ப வந்துது?” ஆறுச்சாமி மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“மூணு வருசமாச்சுங்க. நீங்க சந்தைக்குப் போயிருந்தப்போ மச்சானும் அவுரு சம்சாரம் அக்காளும் வந்து ஒட்டுக் கட்டிக் குடுத்தாங்க.”

“எங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டயே.”

“எங்கீங்க பொய் சொன்னன்? கொசு எங்க பொறக்குதுன்னு சொன்னன். கூட்டச் சொன்னனுங்களா?”

ஆறுச்சாமி யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான். சரி, போனது போகட்டும், அடுத்த வருசமாவது அறுபது மரமும் காய்க்க என்ன வழி என்று ஆபீசரைக் கேட்டார். குப்பையை மறுபடியும் தோப்பெல்லாம் பரப்புவது ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப்பேறினார்.

நாச்சாத்தா உள்ளே போய், பதினெட்டு நாள் உழைத்த அதே கூடையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“எம்மரத்துக்குப் பாதிய உட்டுப்போட்டு, மீதிய மெதுவா அள்ளுங்க. கொசுவுக்கு அடிகிடி பட்டுரப் போகுது.”